எட்டாம் வசனம்

அன்ரோனெற்றைப் பற்றி எங்கள் ஊரில் இப்போது இரண்டு விதமாகக் கதைக்கிறார்கள். ஒரு பகுதியார் அவளைப் புனிதையாக்கி, அர்ச்சியசிட்டவள் என்றே சொல்கிறார்கள். கோயிலில் சுருவம் செய்து வைக்காததுதான் குறை. மற்றப் பகுதியார், அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல் குடும்பத்தைக் கெடுத்தவள் என்கிறார்கள். இரண்டையும் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் என் அண்ணன் மரியதாசின் பெண்சாதி, எனக்கு மச்சாள். முப்பது வருடமளவில் ஒரே வளவுக்குள் இருந்து ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினோம். அவளுக்கு மீன் குழம்பு வைக்க வராது, புளி கூடிவிடும். கோபம் வந்தால் மூன்று நாளைக்கு முகம் பார்க்கமாட்டாள். இதையெல்லாம் விட்டுவிட்டு அவளைப் பற்றிக் கதைக்கிறவர்கள் வேறு யாரையோ பற்றித்தான் கதைக்கிறார்கள்.

எங்கள் ஊர் மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாய்க்கு இந்தப் பக்கம். கடலும் பனையும் கோயிலும் தவிர வேறு அதிகம் இல்லை. அண்ணன் கரைவலை இழுக்கப் போவார், மச்சாள் கரையில் உள்ள வாடியில் மீன் வெட்டிக் கருவாடு போடுவாள். பத்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் வேதப்புத்தகத்தைக் கையில் எடுத்தால் ஆளே மாறிவிடுவாள். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய தபசு காலத்தில் ஆண்டவருடைய பாடுகளை இராகம் போட்டுப் படிப்பதைப் பசான் என்போம். அதை அவள் தொடங்கினால்தான் மற்றப் பெண்களுக்கு அழுகை வரும். யாருக்காவது காய்ச்சல் விடவில்லை என்றாலும், கடலுக்குப் போன வள்ளம் திரும்பவில்லை என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். போய் முழங்காலில் இருந்து ஒரு பகுதி வாசிப்பாள். பிறகு புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தன் வாயில் வந்தபடி செபம் சொல்வாள். பலித்ததும் உண்டு, பலிக்காததும் உண்டு. பலிக்காததை ஊர் நினைவில் வைத்திருப்பதில்லை.

அவளுடைய தம்பி டொமினிக் இதற்கு நேர்மாறு. குருமடத்தில் சுவாமியாவதற்குப் படிக்கப் போனவன். கெட்டிக்காரன் என்று வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே பழைய கிரேக்கம் படித்து, வேதப்புத்தகத்தின் பழைய பிரதிகளை எல்லாம் ஆராய்ந்து, கடைசியில் சுவாமியாகாமல் தாடியோடு திரும்பி வந்தான். என்னடா நடந்தது என்று ஊரே கேட்டது. "ஒண்டும் நடக்கேல்லை, படிச்சனான், அவ்வளவுதான்" என்றான். மன்னார் டவுனில் படிப்பிக்கிற வேலை கிடைத்தது. அக்காள் வீட்டிலேயே தங்கினான். பூசைக்கு வருவான், கடைசி வாங்குப் பலகையில் இருப்பான், முழங்காலில் மட்டும் நிற்கமாட்டான். மச்சாள் வேதப்புத்தகத்தை உதட்டில் ஒற்றிக் கொஞ்சிவிட்டுத் திறப்பாள். அவன் டாக்குத்தர் வயிற்றை அமத்திப் பார்ப்பது மாதிரி எங்கே நோகிறது என்று தேடித்தேடி வாசிப்பான்.

தொண்ணூறாம் ஆண்டு, இந்திய இராணுவம் வெளிக்கிட்டுப் போன மாதம். துவக்குச் சத்தம் இல்லாத ஒரு தபசு காலம். நான் அவர்களுடைய குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். மச்சாள் ஆண்டவர் உயிர்த்ததைச் சொல்கிற மாற்கு நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். மகதலா மரியாவுக்கு ஆண்டவர் தோன்றிய இடம் வந்தபோது அவளுடைய கண் நனைந்தது. டொமினிக் சும்மா இருந்திருக்கலாம்.

"அக்கா, மாற்கு அவ்வளவு தூரம் எழுதேல்லை. எட்டாம் வசனத்தோட அவர் நிப்பாட்டிப்போட்டார். மற்றது பிறகு ஆரோ சேர்த்தது."

"ஆரடா சேர்த்தது?"

"பேர் தெரியாது. ஆகப் பழைய பிரதியளில அந்தப் பகுதி இல்லை. நடையும் வேற."

எட்டாம் வசனத்தில் என்ன இருக்கிறது என்று அவனே சொன்னான். ஆண்டவரின் உடலுக்குப் பரிமளம் பூசப் போன மூன்று பெண்களும் கல்லறை திறந்திருக்கக் காண்கிறார்கள். அவர் உயிர்த்துவிட்டார், போய்ச் சொல்லுங்கள் என்று வெள்ளை உடுப்பில் இருந்த வாலிபன் சொல்கிறான். அவர்களோ நடுங்கிப்போய் ஓடுகிறார்கள். பயத்தினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு புத்தகம் முடிகிறது. உயிர்த்தவர் யாருக்கும் தோன்றவில்லை, அப்பம் பிட்கவில்லை, ஒன்றுமில்லை.

"கோயில்ல வாசிக்கேக்கையும் அந்த வசனத்துக்கு முன்னால நிப்பாட்டிப்போடுவினம். அவைக்கும் அது கஷ்டம்தான்" என்றான்.

மச்சாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "விசர்க் கதை கதைக்காதை. மூண்டு பொம்பிளையள்! ஆசையா வளர்த்த பிள்ளையைப் போல அவரைத் தேடிப் போனவளவை. கண்ணால கண்டதைக் கண்டிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருப்பாளவையோ? பொம்பிளையளை உனக்குத் தெரியாது."

"பயம் அக்கா. பயத்தில சனம் எதுவும் செய்யும்."

"என்ன பெரிய பயம்? சரி, ஒருத்தருக்கும் சொல்லேல்லையெண்டா எழுதினவருக்கு ஆர் வந்து சொன்னது?"

டொமினிக் சிரித்துவிட்டான். "அதுக்கு மறுமொழி ஒருத்தரிட்டையும் இல்லை. அதாலதான் எனக்கு அந்த முடிவில ஒரு பிரியம்."

"நீ பிரியப்பட்டுக்கொண்டு இரு. நான் முழுதையும் வாசிப்பன்" என்று புத்தகத்தைக் கொஞ்சி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அன்றைக்கு இடியப்பத்தை நான் தனியாகத்தான் சாப்பிட்டேன். இருவரில் யார் சரி என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆண்டவர் உயிர்த்தாரா இல்லையா என்பதைவிட, அந்தப் பெண்கள் வாய் திறந்தார்களா இல்லையா என்பதில்தான் மச்சாளுக்குக் கோபம் என்பதைக் கவனித்தேன்.

அந்த வருடம் ஆனியில் மறுபடி சண்டை தொடங்கியது. பாதி ஊர் இந்தியாவுக்குப் படகேறியது, கொஞ்சப் பேர் மடு மாதா கோயிலுக்கு ஓடினார்கள். ஐப்பசியில் தாராபுரத்து முஸ்லிம் சனத்தை விரட்டினார்கள். எங்களோடு மீன் வாங்கி விற்றவர்கள் உடுத்த துணியோடு கடல் வழியாகப் போனார்கள். அவர்களுடைய வீட்டுக் கதவுகள் காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்ததை நான் பஸ்ஸில் இருந்து பார்த்தேன்.

அந்தக் குழப்பத்துக்குள்தான் ராக்கம்மா எங்கள் ஊருக்கு வந்தாள். மலையகத்துத் தோட்டத்தில் பிறந்தவள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அங்கே அடிபட்டு முருங்கன் பக்கம் வந்து காடு வெட்டிக் காணி செய்தாள். புருஷன் பாம்பு கடித்துச் செத்துப்போனான். பிறகு அங்கேயும் ஷெல் விழ, மகன் நல்லையாவைக் கூட்டிக்கொண்டு தீவுக்குள் வந்தாள். மகனுக்கு இருபது வயது இருக்கும். அவன் அண்ணனோடு வலை இழுத்தான், அவள் வாடியில் மச்சாளோடு கூலிக்கு மீன் வெட்டினாள். ஞானஸ்நானம் பெற்றவள் இல்லை. திருநீறு பூசிக்கொண்டுதான் கோயிலுக்கு வருவாள். கோயில் காரியம் பார்க்கிற மூப்பர் அமிர்தநாயகம் அதற்கு ஒன்றும் சொன்னதில்லை.

மாரி தொடங்கின நேரம், மண்ணெண்ணெய் வாங்கப் போன நல்லையா திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனது என்று நான் எழுதப்போவதில்லை. அந்த வருடங்களில் எங்கள் கரையில் துவக்கோடு திரிந்தவர்கள் ஒரு சாரார் இல்லை. ஆனால் தாய்மாரிடம் சொல்வதற்கு எல்லோரிடமும் ஒரே மறுமொழிதான் இருந்தது: தெரியாது.

கொஞ்ச நாள் கழித்து மச்சாள், வாடியில் வேலை செய்த மரியம்மா, புதிதாகக் கலியாணம் முடித்த றஞ்சிதம் ஆகிய மூன்று பேரும் காவோலை பொறுக்க ஊருக்கு வெளியே உள்ள பனங்கூடலுக்குப் போனார்கள். விறகு இல்லை, போகாமல் முடியாது. உள்ளே ஓரிடத்தில் மணல் புதிதாகப் புரட்டிக் கிடந்தது. நாய்கள் தோண்டிக்கொண்டிருந்தன. விரட்டிவிட்டுக் கிட்டப் போனார்கள். மணலுக்கு வெளியே ஒரு சேட்டின் கை தெரிந்தது. அண்ணனுடைய பழைய சேட்டு அது. முழங்கையில் கிழிந்த இடத்தில் மச்சாள்தான் வேறு நிறத் துணி வைத்துத் தைத்து நல்லையாவுக்குக் கொடுத்திருந்தாள். அவள் மணலை விலக்கி முகத்தையும் பார்த்தாள். தன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தின் மேல் போட்டாள். பிறகு மூன்று பேரும் கையால் மணல் அள்ளிப் போட்டு, நாய் வராதபடி மேலே முள்ளை இழுத்து வைத்துவிட்டு ஓடி வந்தார்கள்.

வீதியில் துவக்குக்காரர் மறித்தார்கள். உள்ளே என்ன கண்டீர்கள் என்று கேட்டார்கள். ஓலை என்றாள் மரியம்மா. வேறொன்றும் இல்லையா? இல்லை. நல்லது, வீட்டில் ஆம்பிளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தார்கள். பிறகு, கவனமாகப் போங்கள் என்று அனுப்பினார்கள். ஒரு தூஷணம் இல்லை, ஒரு அதட்டல் இல்லை. அப்படி மரியாதையாகக் கேட்டதுதான் பெண்களுக்கு உயிர் போன மாதிரி இருந்தது. மச்சாளின் வீட்டில் இரண்டு ஆம்பிளைகள்: அண்ணனும் டொமினிக்கும். ஒருவருக்கும் சொல்வதில்லை என்று மூன்று பேரும் மாதா மேல் ஆணையிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அந்த ஓலையை எரித்துத்தான் அன்றைக்கு எங்கள் வளவில் சோறு ஆக்கினோம். ஒன்றும் தெரியாமல் நானும் சாப்பிட்டேன்.

ராக்கம்மா தேடத் தொடங்கினாள். முகாம் வாசல்களில் நின்றாள், அரசாங்கக் கந்தோர்களில் நின்றாள், பாஸ் எடுத்துக்கொண்டு மடுவுக்கு நடந்தாள். திரும்பி வரும்போது சேலைத் தலைப்பில் மடு மண் முடிந்துகொண்டு வந்து மச்சாளிடம் கொடுத்தாள்.

"தங்கச்சி, நான் கேட்டா என்ன தெரியும் எனக்கு? நீ கேட்டா மாதா குடுப்பா. இந்த மண்ண வச்சு என் புள்ளைக்கு செபம் சொல்லு. உசுரோட வந்து நிக்கணும்னு கேளு."

மச்சாள் என்ன செய்வாள்? முழங்காலில் இருந்தாள். ராக்கம்மா அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையை உயிரோடு திருப்பித் தாரும் என்று மச்சாள் சத்தமாகச் செபம் சொன்னாள். அன்றோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சனிக்கிழமை தவறாமல் ராக்கம்மா வந்தாள். சனிக்கிழமை தவறாமல் அந்தச் செபம் நடந்தது. நாலு வருடம்.

அந்த நாலு வருடத்தில் மச்சாள் எங்கள் கண் முன்னாலேயே உருகிப்போனாள். தலைமயிர் கொட்டியது. வேறு வீடுகளில் வாசிக்கக் கூப்பிட்டால் தொண்டை சரியில்லை என்பாள். பசான் படிப்பதையும் விட்டாள். கண்ணூறு என்று சொல்லி நான் மிளகாய் சுற்றிப் போட்டேன். அவள் பேசாமல் இருந்து சுற்றவிட்டாள். பின்னாளில் எல்லாம் வெளியே வந்த பிறகுதான் எனக்கு விளங்கப்படுத்தினாள்.

"மனிசருக்குப் பொய் சொல்லலாம் மச்சாள், அதுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கு. நான் ஒரு தாயின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, முழங்காலில நிண்டு, கடவுளுக்குப் பொய் சொன்னனான். மண்ணுக்குள்ள கிடக்கிறவனை உயிரோட தா எண்டு. அதுக்குப் பிறகு புத்தகத்தைத் திறக்கேலாது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எனக்கில்லாத கதையாக் கிடந்துது. லாசரை எழுப்பினார், விதவையின்ர மகனை எழுப்பினார். தம்பி சொன்ன அந்த எட்டாம் வசனத்தை மட்டும்தான் வாசிக்க முடிஞ்சுது. அந்த மூண்டு பேரும்தான் என்னோட இருந்தவை."

பெரிய வெள்ளியன்று சிலுவையில் இருந்து இறக்கிய ஆண்டவரின் சுருவத்தைக் கிடத்துகிற பெட்டியைத் தூம்பா என்போம். எங்கள் ஊரில் அந்த வருடத்துக்குள் சாவு நடந்த வீட்டுப் பெண்கள், தூம்பாவுக்குள் ஆண்டவரின் காலடியில் ஒரு வெள்ளைத் துணி விரிப்பார்கள். தங்கள் வீட்டுச் செத்தவரையும் அவரோடு கிடத்தியதாக அர்த்தம். ராக்கம்மா ஒவ்வொரு வருடமும் பக்கத்தில் நின்று பார்ப்பாள். வெறுங்கையோடு நிற்பதில் அவளுக்கு ஒரு பெருமை. "என் வீட்ல யாரும் சாகல" என்று கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு பெரிய வெள்ளி. அந்த வருடம் சாவு நடந்த வீடுகள் எல்லாம் விரித்து முடிந்தபின் மச்சாள் எழும்பிப் போனாள். சேலைக்குள் மறைத்து வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து ஆண்டவரின் காலடியில் விரித்தாள். நான் திகைத்துப்போனேன். எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. அவளுடைய தாய் தகப்பன் போய்ப் பல வருடம்.

பக்கத்தில் நின்ற ராக்கம்மா பரிதாபத்தோடு அவளுடைய தோளைத் தொட்டாள். "ஐயோ தங்கச்சி, உங்க வீட்ல யாரு?"

மச்சாள் அவளைப் பார்த்தாள். பிறகு சனத்தை இடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். செருப்பைக்கூடப் போடவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் வளவு வேம்பின் கீழ் டொமினிக்கிடமும் அண்ணனிடமும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நானும் அப்போதுதான் கேட்டேன். டொமினிக்கின் முகத்தில் இரத்தம் இல்லை.

"நீ அதை ஒரு முடிவெண்டு சொன்னாய் தம்பி. சேர்த்ததோ சேர்க்காததோ எண்டு பார்த்தாய். அந்தப் பொம்பிளையள் வீட்ட போய் எப்பிடிச் சோறு திண்டவை, எப்பிடி நித்திரை கொண்டவை எண்டு உன்ர பழைய பிரதியளில எங்கையும் கிடக்கோ?"

"இல்லை அக்கா."

"எனக்குத் தெரியும்."

அவன் எழும்பி அக்காளுக்கு முன்னால் வந்தான். பிறகு கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, சொல்லாதேங்கோ. அவங்கள் இன்னும் இஞ்சதான் நிக்கிறாங்கள். அத்தானை யோசியுங்கோ. என்னை யோசியுங்கோ. செத்தவன் செத்திட்டான்."

அவனைப் பற்றி ஊரில் கேலியாகச் சொல்கிறவர்கள் உண்டு. பத்து வருடம் அந்த வசனத்தைப் படித்தவன் அன்றைக்குத் தானே அந்த வசனத்துக்குள் ஓடி ஒளிந்தான் என்று. நான் சிரிக்கமாட்டேன். அந்த நாளில் எங்கள் கரையில் இருந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

மச்சாள் அண்ணன் பக்கம் திரும்பினாள். என் அண்ணன் அதிகம் கதைக்கிறவர் இல்லை. "நீ என்னைக் கேக்காதை. கேட்டால் வேண்டாமெண்டுதான் சொல்லுவன்" என்றார். பிறகு எழும்பி வலை பொத்தப் போய்விட்டார். அவள் கேட்கவில்லை.

ஞாயிறு காலை சுவாமி வரவில்லை. வீதியில் ஏதோ வெடித்து, தடைமுகாமைப் பூட்டிவிட்டார்கள். உயிர்ப்பு ஞாயிறைச் சும்மா விடமுடியாது என்று மூப்பர் அமிர்தநாயகம் தானே செபங்களை நடத்தினார். நற்செய்தி வாசிக்க வேண்டுமே. மூப்பர் மச்சாளைப் பார்த்தார். தொண்டை சரியில்லை என்பாள் என்று எதிர்பார்த்தேன். எழும்பிப் போனாள்.

அந்த வருடத்துக்குரிய வாசகம் மாற்கின் கடைசி அதிகாரம். பழைய குரல் திரும்பி வந்திருந்தது. பெண்கள் விடியற்காலையில் போனது, கல்லை யார் புரட்டுவார் என்று கவலைப்பட்டது, வாலிபன் சொன்னது எல்லாம் வாசித்தாள். வழக்கமாக நிறுத்துகிற இடம் வந்தது. மூப்பர் மறுமொழி சொல்ல வாயெடுத்தார். அவள் நிறுத்தவில்லை. எட்டாம் வசனத்தையும் வாசித்தாள். பெண்கள் ஓடியதை, நடுங்கியதை, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாததை. புத்தகத்தை மூடினாள். மூடிய புத்தகத்தின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையெண்டு எழுதியிருக்கு. ஆனா ஆரோ ஒருத்தி சொல்லியிருக்கிறாள். சொல்லாட்டி இது இஞ்ச எழுதியிராது. எத்தினை வருசம் கழிச்சுச் சொன்னாளோ தெரியாது. எனக்கு நாலு வருசம் எடுத்திட்டுது. ராக்கம்மாக்கா, நல்லையா பனங்கூடலுக்குள்ள கிடக்கிறான். நான் கண்டனான். என்ர கையாலதான் மண் போட்டு மூடினனான்."

நான் கண்டேன் என்றுதான் சொன்னாள். மற்ற இருவரின் பெயரை அவள் வாய் சொல்லவில்லை. மரியம்மா அதற்குள் இந்தியாவுக்குப் போய்விட்டாள். றஞ்சிதம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கக் கதவால் வெளியே போனதை நான் பார்த்தேன்.

ராக்கம்மா கத்துவாள், மண்ணில் விழுந்து புரளுவாள் என்று எல்லோரும் நினைத்தோம். அவள் கடைசி வாங்கில் இருந்து எழும்பி, மெதுவாக நடந்து முன்னால் வந்தாள். மச்சாளின் முகத்துக்கு நேரே நின்றாள்.

"நாலு வருசமா எங்கூட முட்டி போட்டியே. என் கையப் புடிச்சிக்கிட்டு சாமிகிட்ட கேட்டியே. அப்ப நீ என்னத்தத்தான் கேட்ட?"

"உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு வாய் தரச்சொல்லிக் கேட்டனான் அக்கா."

"எனக்கு புள்ள வருவான்னுல்ல நான் இருந்தேன்."

ராக்கம்மா பக்கத்து அறைக்குள் போனாள். தூம்பாவை அங்கேதான் வைத்திருந்தார்கள். மச்சாள் விரித்த துணி எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கிப் பனங்கூடல் பக்கம் நடந்தாள். அண்ணனும் இன்னும் சில ஆம்பிளைகளும் பின்னால் ஓடினார்கள். பனங்கூடலைச் சுற்றி அதற்குள் முள்ளுக்கம்பி போட்டு, கண்ணிவெடி என்று மண்டையோட்டுப் பலகை நட்டிருந்தார்கள். அவளைக் கம்பிக்குள் போகவிடாமல் பிடித்து வைக்கத்தான் முடிந்தது. கடைசியில் அந்தத் துணியைக் கம்பியில் கட்டினாள். வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தாள். துணி மாரி வரைக்கும் அந்தக் கம்பியில் கிழிந்து கிழிந்து தொங்கியது. அந்த மணலை இன்றுவரை ஒருவரும் கிளறவில்லை.

விலை இல்லாமல் போகவில்லை. அடுத்த கிழமை துவக்குக்காரர் அண்ணனைக் கொண்டுபோனார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு விட்டார்கள். உயிரோடு வந்தார், ஆனால் வலது கையால் பிறகு கயிறு பிடிக்க முடியவில்லை, ஒரு காதும் கேட்காது. டொமினிக் அண்ணனைக் கொண்டுபோன அன்றே இந்தியாவுக்குப் படகேறிவிட்டான். றஞ்சிதத்தின் வீட்டுக்காரரும் ஊரை விட்டுப் போனார்கள். போகும்போது மச்சாளின் படலைக்கு முன் நின்று ஒரு பிடி மண் அள்ளித் தூற்றிவிட்டுத்தான் போனாள் றஞ்சிதம். மச்சாள் கூட்டவில்லை. நான்தான் கூட்டினேன், திட்டிக்கொண்டே கூட்டினேன்.

ராக்கம்மா ஊரை விட்டுப் போகவில்லை. வேறு வாடியில் கூலிக்குப் போனாள். மச்சாளோடு அதன்பிறகு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. எதிரே வந்தால் கடலைப் பார்த்துக்கொண்டு போவாள். மச்சாள் மட்டும் ஒவ்வொரு தடவையும் நின்று வழி விடுவாள்.

சமாதானம் என்று சொன்ன வருடங்களில் டொமினிக் ஒருமுறை வந்துபோனான். தாடி நரைத்திருந்தது. அக்காளுக்கு முன்னால் கதிரையில் இருந்து, அழுதான். மச்சாள் அவனைத் தேற்றவும் இல்லை, ஏசவும் இல்லை.

"அந்த முடிவைப் பற்றி நீ சொன்னது சரியாத்தான் இருக்கும் தம்பி. எனக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனா நீ அந்த வசனத்தை எனக்குக் காட்டாட்டி நான் இண்டைக்கும் ராக்கம்மாக்காவுக்குப் பொய்ச் செபம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பன். அதுக்காக உன்னை நான் கோவிக்கேல்லை."

"இப்ப செபம் சொல்லுறீங்களோ அக்கா?"

"சொல்லுறன். முந்தி அவரிட்ட அதைத் தா, இதைத் தா எண்டு கேப்பன். இப்ப நடந்ததைச் சொல்லுறன், அவ்வளவுதான்."

"கேக்கிறாரோ?"

"உனக்கு எல்லாத்துக்கும் மறுமொழி வேணும்" என்று எழும்பித் தேத்தண்ணி போடப் போனாள்.

மறுபடி சண்டை தொடங்கி, தீவுக்கான வீதியைப் பூட்டித் திறந்து பூட்டிக்கொண்டிருந்த காலத்தில், இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, மச்சாளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கொழும்புக்குக் கொண்டுபோக அனுமதி கிடைக்கவில்லை. கடைசி நாட்களில் சுயநினைவோடுதான் இருந்தாள். நான் மாற்கை எடுத்து வாசித்தேன். எட்டாம் வசனத்துக்குப் பிறகும் வாசிக்கட்டோ என்று கேட்டேன். "வாசியுங்கோ மச்சாள். ஆர் சேர்த்திருந்தாலும், அப்பிடியே விட மனமில்லாமல் சேர்த்ததும் பாவம் ஒரு சனம்தானே" என்றாள். சாவீட்டுக்கு ஊர் முழுக்க வந்தது. ராக்கம்மா வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது, மறைக்கமாட்டேன்.

அடுத்த வருடம் பெரிய வெள்ளி. அண்ணன் வீட்டில் வேறு பெண் இல்லை. மச்சாளுக்காக வெள்ளைத் துணி விரிக்க வேண்டியவள் நான். புதுத் துணி வாங்கிக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டு போனேன். தூம்பாவுக்குக் கிட்டப் போனபோது ஆண்டவரின் காலடியில் ஏற்கெனவே ஒரு துணி விரித்திருந்தது. அந்த வருடம் எங்கள் ஊரில் வேறு சாவு இல்லை. பக்கத்தில் ராக்கம்மா நின்றாள், நன்றாகக் கூனிப்போய், நெற்றியில் திருநீறோடு.

"நீங்களோ விரிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"என் வீட்டுச் சாவுக்கு அது விரிச்சிச்சி. அதோட சாவுக்கு நான் விரிச்சேன்."

"அப்ப மச்சாளை மன்னிச்சிட்டீங்களோ?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. துணியின் சுருக்கத்தைக் கையால் தடவி நேராக்கினாள். "அதெல்லாம் இல்ல" என்றாள். "ஆனா எனக்குச் சொன்னது அது ஒருத்திதான்."

நான் கொண்டுபோன துணியை அவளுடைய துணியின் மேல் விரித்துவிட்டு வந்தேன்.